அத்தியாயம் 6: பழைய சான்ட்ரோவை நம்பி வாங்கலாமா?

கையில் ஒரு லட்சம் ரூபாயை வைத்துக்கொண்டு முதல் கார் தேடும் குடும்பம், தமிழ்நாட்டின் எந்த ஊரில் தேடினாலும் ஒரு பழைய ஹூண்டாய் சான்ட்ரோவைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவான இந்த வண்டி 1998 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 இறுதியில் உற்பத்தி நின்றது. அந்த 16 ஆண்டுகளில் இந்தியாவில் மட்டும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்ட்ரோக்கள் விற்றன. அவற்றில் கணிசமானவை இன்றும் ஓடுகின்றன. மூன்றாவது, நான்காவது கைக்கு மாறிக்கொண்டும் இருக்கின்றன.

வாங்க வருபவர் கேட்பது ஒரே கேள்விதான்: "நம்பி எடுக்கலாமா?" நம்பலாம். ஆனால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துத் தெரிந்திருக்க வேண்டும். சான்ட்ரோவின் இரும்பு எளிதில் தேயாது. அதன் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஓடினாலும் வயதாகும், ஓடாமல் நின்றாலும் வயதாகும். நல்ல சான்ட்ரோ வைத்திருப்பவரும் சான்ட்ரோவால் நொந்தவரும் சொல்வதைக் கூர்ந்து கேட்டால், இருவருக்கும் இடையிலான வித்தியாசம் இந்த ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை நேரத்தில் மாற்றியதிலும் மாற்றாததிலும்தான் வந்து நிற்கும். இந்த அத்தியாயம் முழுவதும் அதைச் சுற்றியே நகர்கிறது.

எந்தச் சான்ட்ரோ?

முதலில் வந்தது 999 சி.சி. நான்கு சிலிண்டர் இஞ்சின் கொண்ட வண்டி. கார்புரேட்டர் வண்டிகள் பரவலாக ஓடிய காலத்திலேயே எம்.பி.எஃப்.ஐ. என்ற பெட்ரோல் பீய்ச்சும் முறையோடு வந்தது. 2003-ல் சான்ட்ரோ ஜிங் அறிமுகமானது. பிறகு 1086 சி.சி. இஞ்சின் இதில் நிலைபெற்றது. 63 குதிரைத்திறன், ஐந்து கியர், 13 அங்குல வீல், 35 லிட்டர் டேங்க். இன்று வாங்குவதென்றால் 2003-க்கு முந்தைய வண்டியைத் தவிர்த்துவிடுங்கள். 2008-க்குப் பிந்தைய ஜிங் கிடைத்தால் நல்லது. 2018-ல் சான்ட்ரோ என்ற அதே பெயரில் வந்தது வேறு வண்டி. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது அல்ல.

2007-ல் வந்த ஐ10 காரின் 1.1 லிட்டர் இஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் இஞ்சின் வேலை தெரிந்த மெக்கானிக்கும் பாகங்களும் சின்ன ஊர்களில்கூடக் கிடைக்கின்றன. மோபிஸ் பெயரில் ஒரிஜினல் பாகங்களும் விற்கப்படுகின்றன. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, லைட் போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தை இருக்கிறது. உற்பத்தி நின்ற வண்டியை வாங்குபவருக்கு இது பெரிய பலம்.

உரிமையாளர்கள் சொல்வது

பழைய சான்ட்ரோ வைத்திருப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். நீங்கள் வாங்கப் போகும் வண்டி இந்த மூன்றில் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

முதல் வகை, தினமும் ஓட்டுபவர். அரசு அலுவலகம், பள்ளி, வங்கி என்று 15, 20 கிலோமீட்டர் போய்வருபவர். ஊரில் ஒரே மெக்கானிக்கிடம் பல ஆண்டுகளாக வண்டியை விடுபவர். ஆயில் மாற்றிய தேதியை டைரியிலோ டேஷ்போர்டு டப்பாவில் உள்ள நோட்டிலோ எழுதி வைத்திருப்பார். இவரது வண்டி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருக்கும். இஞ்சினைத் திறந்திருக்க மாட்டார். "கிளட்ச் ஒரு தடவை, பெல்ட் ரெண்டு தடவை, மத்தபடி டயரும் பேட்டரியும்தான்" என்று சொல்வார். மீட்டரில் காட்டும் எண்ணைப் பார்த்துப் பலர் இந்த வண்டியை ஒதுக்குகிறார்கள். ஒதுக்கக்கூடாது. மூன்றில் மிக நம்பகமான வண்டி இதுதான்.

இரண்டாம் வகை, வீட்டில் நிறுத்தி வைத்திருப்பவர். பிள்ளைகள் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார்கள். பெரியவர் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் எடுப்பார். 12 ஆண்டில் 30,000 கிலோமீட்டர். வெளியே பளபளப்பு, உள்ளே சீட் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. புரோக்கர் இதைத்தான் முதலில் காட்டுவார், விலையும் கூடுதல். ஆனால் வாங்கியவர்கள் சொல்லும் அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. முதல் ஆறு மாதத்துக்குள் ரேடியேட்டர் ஹோஸ் வெடிக்கிறது, ஏ.சி. வாயு கசிகிறது, பின் பிரேக் இறுகிக்கொள்கிறது, பேட்டரி உயிரை விடுகிறது. "அதிகம் ஓடல, அதனால மாத்தல" என்று டைமிங் பெல்ட் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. இது கெட்ட வண்டி இல்லை. வாங்கியதும் ரப்பர் முழுவதையும் மாற்றிவிட்டால் அருமையான வண்டி. அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

மூன்றாம் வகை, கை மாறிக்கொண்டே வந்த வண்டி. நான்கைந்து உரிமையாளர்கள், ஒவ்வொருவரும் ஓரிரு ஆண்டு வைத்திருந்து, பெரிய செலவு வரும் நேரத்தில் அடுத்தவருக்குத் தள்ளியிருக்கிறார்கள். கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். புது பெயின்ட், புது சீட் கவர், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் இருக்கும். ஒரு பில்கூட இருக்காது. சான்ட்ரோவைத் திட்டுபவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட ஒன்றை வாங்கியவர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் முதல் கார் வாங்குபவர் இந்த வகையைத் தொடவே கூடாது.

அடிக்கடி வரும் கோளாறுகள்

டைமிங் பெல்ட்: இதை மட்டுமாவது மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சான்ட்ரோ இஞ்சினில் வால்வுகளின் நேரத்தைக் கட்டுப்படுத்துவது சங்கிலி அல்ல, ரப்பர் பெல்ட். அது ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். அறுவதற்கு முன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தராது. சத்தம் வராது, இழுவை குறையாது, ஒரு நொடியில் இஞ்சின் நின்றுவிடும். 50,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள், அல்லது ஐந்து ஆண்டுக்குள், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். பெல்டோடு டென்ஷனரையும் மாற்றுங்கள். பழைய டென்ஷனரின் பேரிங் இறுகினால் புது பெல்டும் அறும். அந்த வேலை நடக்கும்போதே வாட்டர் பம்பில் கசிவு இருக்கிறதா, ஆயில் சீல் நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லாத வண்டியை மாற்றாத வண்டியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவரின் வாய்வார்த்தை இந்த ஓர் இடத்தில் செல்லாது.

இஞ்சின் சூடு: இஞ்சினின் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினியம் வளையும், ஹெட் கேஸ்கட் போகும், கூலன்டும் ஆயிலும் கலக்கும். ஆனால் சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இஞ்சினில் இருக்காது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கில் மெல்லிய விரிசல், உப்பிப்போன ஹோஸ், வேலை செய்யாத ஃபேன் மோட்டார் அல்லது ரிலே, இறுக்கம் போன ரேடியேட்டர் மூடி, சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் வால்வு ஆகியவையே காரணம். எல்லாம் மலிவான பாகங்கள். வேலூர், திருச்சி கோடையில் டிராஃபிக்கில் நிற்கும்போதும், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் ஏறும்போதும் இவை சோதிக்கப்படுகின்றன.

முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறுவதைப் பார்த்தால் உடனே ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழு வேகத்தில் போட்டால் இஞ்சின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும். ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தான்" என்று ஓட்டியவர்கள்தான் ஹெட் வேலைக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

சென்சாரும் எலக்ட்ரிக்கலும்: ஓடிச் சூடான பிறகு சிக்னலில் திடீரென்று அணைந்துவிடும், 20 நிமிடம் ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். இப்படி இருந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஐடிலிங் ஏறி இறங்கினால் திராட்டில் பாடியும் ஐடில் வால்வும் அழுக்கேறியிருக்கும். கழுவினாலே பெரும்பாலும் சரியாகும். மழைக்காலத்தில் மிஸ்ஸிங் அடித்தால் பிளக் வயர், காயில், பிளக் என்ற வரிசையில் பாருங்கள். இந்த வேலைக்கு ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பவரிடம் விட்டால் செலவு வண்டி விலையில் பாதியைத் தொடும்.

அடிப்பாகம்: மேடு பள்ளத்தில் முன்னால் "டக் டக்" என்று தட்டுகிறதா? பெரும்பாலும் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது "கட கட" என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போனதே அதற்குக் காரணம். பூட் கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் செலவு சிறியது. வேகம் கூடக்கூட ஒரே சீராக ஊளைச் சத்தம் வந்தால் வீல் பேரிங். ஐடிலிங்கில் ஸ்டியரிங்கும் சீட்டும் அதிர்ந்தால் இஞ்சின் மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்திருக்கும். பாருங்கள், இதில் பாதிக்கு மேல் ரப்பர்தான்.

கிளட்சும் ஏ.சி.யும்: கிளட்ச் மிகக் கனமாக இருந்தாலோ, பெடல் கடைசிவரை மேலே வந்த பிறகே வண்டி நகர்ந்தாலோ பிளேட் முடியும் தறுவாயில் இருக்கிறது. மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். கியர் பாக்ஸை இறக்கும் கூலி ஒரு முறையோடு போகும். ஏ.சி. குளிர்ச்சியில் சான்ட்ரோ உரிமையாளர்கள் பொதுவாகக் குறை சொல்வதில்லை. ஆனால் பழைய வண்டியில் கூலிங் காயில் கசிந்தால் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டிவரும். "கேஸ் மட்டும் போட்டா போதும்" என்று விற்பவர் சொன்னால், கசிவு எங்கே என்று கேளுங்கள். கசிவு இல்லாமல் வாயு குறையாது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

"வண்டி எப்படி?" என்று கேட்டால் "ஒரு பிரச்சினையும் இல்லை" என்ற பதில்தான் வரும். அது கேள்வியின் குறை. பொய் சொல்லச் சிரமமான கேள்வியைக் கேளுங்கள்.

"சார், டைமிங் பெல்ட் கடைசியா எந்த வருஷம் மாத்துனீங்க? பில் இருக்கா?"

"எந்த மெக்கானிக்கிட்ட விடுறீங்க? அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலாமா?"

"ரேடியேட்டர்ல கூலன்ட் ஊத்துறீங்களா, தண்ணியா?"

"ரெண்டு ஆயில் சர்வீஸுக்கு நடுவுல ஆயில் டாப்-அப் பண்ண வேண்டியிருக்கா?"

"இந்த வண்டியில கடைசியா எங்க தொலைதூரம் போனீங்க?"

மெக்கானிக்கின் பெயரைத் தயங்காமல் சொல்பவர், பில்லைத் தேடி எடுத்து வருபவர், தானாகவே இரண்டு குறைகளைச் சொல்பவர், இவர்களிடம் வாங்குங்கள். குறை சொல்லும் உரிமையாளர் தன் வண்டியைத் தெரிந்து வைத்திருக்கிறார். அந்த அறிவும் வண்டியோடு உங்களுக்குக் கிடைக்கிறது.

நேரில் பார்க்கும் முறை

பகல் வெளிச்சத்தில் போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் முதல் ஸ்டார்ட்டை உங்களிடமிருந்து மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன், இஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை அல்லது சிவப்புக் கூலன்ட் இருந்தால் நல்லது. துருநிறத் தண்ணீர் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஆயில் மிதந்தால் கிளம்பிவிடுங்கள். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் கூழ் படிந்திருந்தாலும் அதேதான்.

ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரைப் பாருங்கள். குளிர்ந்த நேரத்தில் கொஞ்ச நேரம் வரும் வெண்ணிற ஆவி இயல்பு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை தொடர்ந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சென்சார் கோளாறாக இருக்கலாம்.

பிறகு பாடி. தரை விரிப்பைத் தூக்குங்கள்; டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடியைப் பாருங்கள்; பேட்டரித் தட்டு, கதவின் கீழ் விளிம்பு, பின் வீல் வளைவின் உட்புறம், இந்த இடங்களில் துரு தொடங்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேசுவரம் போன்ற கடலோர ஊர் வண்டியென்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பில்லர், ஏப்ரான் பகுதிகளில் வெல்டிங் தெரிந்தால் பெரிய விபத்தில் சிக்கிய வண்டி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் அதுவே நடந்தது. அப்படி மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க, சீட் பெல்டைக் கடைசிவரை இழுங்கள். வழக்கமாகச் சுருண்டு கிடக்கும் அந்தப் பகுதியில் மண் கறை இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது. சீட் தண்டவாளத்தின் துருவும் அதையே சொல்லும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறேழு ஆண்டு தாண்டிய டயர் கோடைச் சாலையில் வெடிக்கும் அபாயம் உண்டு. நான்கு டயரின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

மீட்டரைத் திருப்புவது எளிது. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர், ஸ்டியரிங்கின் மேற்பரப்பு, கியர் கைப்பிடி, ஓட்டுநர் சீட்டின் விளிம்பு, இவை மீட்டரை விட உண்மை பேசும். 40,000 காட்டும் வண்டியில் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். ஏ.சி.யைப் போட்டு, நான்கு பேர் ஏறி, ஒரு மேம்பாலத்தின் மேல் மெதுவாக ஏற்றுங்கள். இழுவை, சூடு, கிளட்ச் மூன்றும் அந்த ஒரே ஏற்றத்தில் தெரிந்துவிடும். உங்களுக்கு வேண்டிய மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள்; அவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். இந்தப் பேரத்திலேயே அதிகப் பலன் தரும் செலவு அதுதான்.

காகிதங்களில் கவனம்

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி இருக்கிறதா, எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். இ-சலான் பாக்கியையும் பாருங்கள்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 25. 2022 ஏப்ரலில் இதற்கான மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-ல் அது 10,000 ரூபாயாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு. அடுத்த ஆண்டு எஃப்.சி. முடியும் வண்டியை வாங்கினால் இந்தச் செலவும், அதற்கு முன் டிங்கரிங், பெயின்டிங் செலவும் உங்கள் தலையில்தான்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்தால் படிவம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். புதுச்சேரி பதிவெண் வண்டிகள் விலை குறைவாகத் தோன்றும். தமிழ்நாட்டில் நிரந்தரமாக வைத்திருக்கத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, எண்ணை மாற்ற வேண்டும். அதைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எல்.பி.ஜி. கிட் பொருத்தப்பட்டிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பது முக்கியம்.

விற்பவருக்கும் ஒரு சொல்: பெயர் மாறாதவரை விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருடையதே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. "அவரே மாத்திக்குவார்" என்று கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்து விடாதீர்கள்.

இன்ஷூரன்ஸில் ஒரு நுணுக்கம். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணத்தின்படி 1000 சி.சி. வரையுள்ள காருக்கு ஆண்டு மூன்றாம் நபர் பிரீமியம் 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய், வரி தனி. 1086 சி.சி. ஜிங் இரண்டாம் பிரிவில் விழுகிறது. 796 சி.சி. ஆல்டோவோடு ஒப்பிடுபவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்க்க வேண்டும்.

வாங்கிய முதல் மாதம்

கையிலுள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டே பேரத்துக்குப் போங்கள். ஒரு லட்சம் இருந்தால் 80,000 ரூபாய் வண்டியைப் பாருங்கள். மீதியில், பழைய உரிமையாளர் என்ன சொல்லியிருந்தாலும், இந்த வரிசையில் செலவிடுங்கள்:

1. டைமிங் பெல்ட், டென்ஷனர், வெளி பெல்ட்கள்.
2. ரேடியேட்டர் ஹோஸ்கள், மூடி, தெர்மோஸ்டாட். முழுமையாகக் கூலன்ட் மாற்றம்.
3. பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் ஃபில்டர்.
4. இஞ்சின் ஆயில் (சுமார் மூன்று லிட்டர் பிடிக்கும்), ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக்.
5. பிரேக் ஆயில், முன் பேடு, பின் ஷூ பரிசோதனை, பின் சிலிண்டர் கசிவு.
6. டிரைவ் ஷாஃப்ட் பூட், லோயர் ஆர்ம் புஷ், இஞ்சின் மவுண்டிங்.

மியூசிக் சிஸ்டம், அலாய் வீல், சீட் கவர் எல்லாம் இந்தப் பட்டியல் முடிந்த பிறகு. பிறகு ஆண்டுக்கு ஒருமுறையோ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ ஆயில் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில், கூலன்ட் அளவைப் பாருங்கள். வண்டியை ஓட்டாத வாரத்திலும் அரைமணி நேரமாவது எடுத்து ஓட்டுங்கள். நிற்கும் வண்டிதான் சீக்கிரம் கெடுகிறது.

இ20 பெட்ரோல்

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. இந்தக் கலவைக்கேற்ற பாகங்களோடு வந்தவை பெரும்பாலும் 2023-லும் அதற்குப் பிறகும் தயாரான கார்களே. சான்ட்ரோ அதற்கு முந்தைய காலத்து வண்டி. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கை, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 விழுக்காடு எத்தனால் கலந்த இ10-க்குச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்றது. லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 14 கொடுத்தால் இஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் எத்தனால் பழைய ரப்பரை விரைவில் இறுக்கி வெடிப்பு விழச் செய்யும். முதல் மாதப் பட்டியலில் பெட்ரோல் ஹோஸ் இருப்பது அதனால்தான். பெட்ரோல் வாசனை லேசாக வந்தாலும் அன்றே பாருங்கள். அது தீப்பிடிக்கும் விஷயம்.

யாருக்கு வேண்டாம்

பாதுகாப்பை மறைத்து இந்த வண்டியைப் புகழ முடியாது. பெரும்பாலான சான்ட்ரோக்களில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு, ஏர்பேக் இல்லாத இந்தியச் சிறிய கார்கள் ஐந்தை மோதிப் பார்த்தது. சான்ட்ரோவுக்குப் பின் வந்த ஐ10 உட்பட ஐந்தும் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. சான்ட்ரோ அவற்றுக்கும் முந்தைய வடிவமைப்பு. உயரமான உடலும் சிறிய டயரும் கொண்டிருப்பதால் வேகமாக வளைவில் திரும்பினால் சாயும். ஊருக்குள் ஓட்டுபவருக்கு ஏற்ற வண்டி இது. நான்குவழிச் சாலையில் 80-ஐத் தாண்டாமல், எல்லோரும் பெல்ட் போட்டு ஓட்ட வேண்டிய வண்டி.

தினமும் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் ஓட வேண்டியவர், கைக்குழந்தையோடு அடிக்கடி இரவுப் பயணம் போகிறவர், வண்டி ஒரு நாள் நின்றாலும் பிழைப்பு நின்றுவிடும் நிலையில் உள்ளவர், இவர்கள் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.-உம் உள்ள பிற்கால வண்டியை வாங்குவதே சரி. பக்கத்தில் நம்பகமான மெக்கானிக் இல்லாத ஊரில் இருப்பவரும் யோசிக்க வேண்டும்.

முடிவாக

ஊருக்குள் ஓட்ட, மழையிலும் வெயிலிலும் பெற்றோரை மருத்துவமனைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் அழைத்துப்போக, கடன் வாங்காமல் ஒரு கார் வேண்டும் என்பவருக்கு, ஒரே மெக்கானிக்கிடம் வளர்ந்த 2008-க்குப் பிந்தைய சான்ட்ரோ ஜிங்கைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மீட்டரில் குறைந்த எண்ணைத் தேடாதீர்கள்; பில்லைத் தேடுங்கள். வாங்கிய வாரமே டைமிங் பெல்டை மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்கப் போகும் குடும்பத்துக்கும் அந்த நோட்டு பயன்படும்.